சிப்போரா டிரெஸ்டனுக்குப் போனதும் வந்ததும்

“இல்லை அக்கா, அவ தமிழ்ப் பிள்ளை இல்லை. எங்கட கீழ்வீட்டு யூத ஆக்களின்ரை மகள். பேர் சிப்போரா. அவதான் என்ரை பேத்தியைக் கையில ஏந்தினவ.”

நேசமலர் அக்கா இதை என்னிடம் கேட்கவேயில்லை. அவர் ஒஃபன்பாக்கிலிருந்து முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்து, பிள்ளைக்கு ஆருடைய மூக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன். இந்த ஒரு மாதமாக வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன். பேத்தி கவிசாவைப் பற்றித் தொடங்குவேன், போய் சிப்போராவில் நிற்பேன். என் மனைவி சந்திரகாந்திக்குச் சிரிப்பு. “பேத்தி பிறந்த சந்தோசப் புளுகம் எண்டு பார்த்தால், இந்த மனிசன் ஹெபாமெயின்ரை புளுகத்தில திரியுது” என்பாள். ஹெபாமெ என்றால் இங்கே பிள்ளைப்பேறு பார்க்கிறவர். ஊரில் மருத்துவிச்சி என்போம்.

சிப்போராவை அவளுடைய இரண்டு வயதில் இருந்து எனக்குத் தெரியும். பிராங்பேர்ட்டில் கிறீஸ்ஹைம் பக்கம் நாங்கள் இருக்கிற கட்டிடத்தில் எங்களுக்கு மூன்றாம் மாடி, அவர்களுக்கு இரண்டாம் மாடி. தகப்பன் இல்யாவ் முடிவெட்டுகிறவர். தாய் தமாரா. உஸ்பெகிஸ்தானில் சமர்கந்து என்ற இடத்திலிருந்து வந்தவர்கள். மூன்று ஆண் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரே பெண் சிப்போரா.

இல்யாவைப்போல முறை தவறாத மனிதனை நான் கண்டதில்லை. முடிவெட்டுகிற கடைகளுக்குச் சனிக்கிழமைதான் வியாபாரம். இல்யாவ் அன்றைக்குத்தான் கடையைப் பூட்டுவார். வெள்ளி சூரியன் விழுந்தால் சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை அவர்களுக்குச் சபத். லைட் போடக்கூடாது, அணைக்கக்கூடாது, அடுப்பு மூட்டக்கூடாது, வாகனம் ஏறக்கூடாது. அடுத்தவனைக் கொண்டு செய்விக்கவும் வாய்விட்டுக் கேட்கக்கூடாது. சாடைமாடையாகச் சொல்லலாம்.

இந்தக் கடைசி விசயம் எனக்கு விளங்க ஐந்து வருடம் எடுத்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் தமாரா வந்து கதவைத் தட்டி, “எங்கட விறாந்தை சரியான இருட்டு” என்று சொல்லிவிட்டு நிற்பா. நான் எங்கட விறாந்தையும் இருட்டுத்தான் என்று சொல்லித் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடுவேன். அவ தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவா. ஒருநாள் சிப்போரா, அப்போது அவளுக்கு ஏழு வயதிருக்கும், படியில் வைத்து என்னைப் பிடித்து, “நித்தியண்ணை, அம்மா இருட்டு எண்டு சொன்னால் நீங்கள் கீழ வந்து உங்கட தேவைக்கு எண்டு ஒரு லைட் போட வேணும்” என்றாள். வீட்டுக்கு வருகிற சனம் என்னை நித்தியண்ணை என்று கூப்பிடுவதைக் கேட்டு அதுதான் என் முழுப்பெயர் என்று நினைத்திருந்தாள். இன்றைக்கும் ஜெர்மன் பேச்சுக்கு நடுவில் நித்தியண்ணைதான். அவர்கள் ஜெர்மனில் சொன்னதையெல்லாம் நான் எங்கள் தமிழிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

சிப்போரா நீளப் பாவாடையோடு வளர்ந்தாள். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு அவளை விடமாட்டார்கள், நீச்சலுக்கு விடமாட்டார்கள். படிப்பு மட்டும் நன்றாக ஓடியது. இருபது வயதில் வியன்னாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நகைக்கடைக்காரரின் மகன், அவர்களின் ஆட்கள்தான். அதே கிழமை டிரெஸ்டனிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. ஹெபாமெ படிப்புக்கு இடம். மூன்றரை வருடம், பாதி வகுப்பிலும் பாதி மருத்துவமனையிலும்.

அவள் கடிதத்தை ஒளிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டு மேசையில், தகப்பனின் கோப்பைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். தமாரா பிறகு சந்திரகாந்தியிடம் அழுதழுது சொன்ன கதை இது. சிப்போரா சொன்னாளாம், “ஒக்டோபர் முதலாம் தேதி தொடங்குது. நான் போறன் அப்பா. ஒளிச்சுப் போகமாட்டன், சண்டை பிடிச்சும் போகமாட்டன்.”

கலியாணம் கட்டாத பெண் தனிய இருப்பதோ என்று இல்யாவ் கேட்டார். அது எங்கள் ஆட்களும் கேட்கிற கேள்விதான். மருத்துவமனையில் சனிக்கிழமை வேலை வருமே என்றும் கேட்டார். அதற்கு அவள் ஆயத்தமாக இருந்தாள். பிள்ளைப்பேறுக்குச் சபத்தை முறிக்கலாம் என்று அவர்களின் சட்டத்திலேயே இருக்கிறதாம். தகப்பனின் புத்தக அலுமாரியில் இருந்தே அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினாள்.

இல்யாவுக்கு அந்தப் பக்கம் தெரியாமலா? அவர் சொன்னார், “நெருப்புக்குள்ள குதிச்சு ஆளைக் காப்பாத்தலாம். அதுக்காக ஒவ்வொரு சனியும் போய் நெருப்புக்குப் பக்கத்தில நில் எண்டு ஆர் சொன்னது?”

அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு காலையும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும்போது, இன்றைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று மட்டும் சொல்வாளாம். குரல் உயர்த்தியதில்லை. அறைக் கதவை அடித்துச் சாத்தியதில்லை.

அந்தக் கோடையில்தான் நான் ஒரு பிழை விட்டேன்.

வியன்னாக்காரர் பெண் பார்க்க வந்திருந்தார்கள். தாய், தகப்பன், மாப்பிள்ளை. சனிக்கிழமை காலை ஆண்கள் எல்லோரும் யூதக் கோயிலுக்கு நடந்து போய்விட்டார்கள். தமாரா படியில் என்னைக் கண்டு, குளியலறை லைட் விடியவிடிய எரிகிறது என்றா. இப்போது நான் அனுபவசாலி. கீழே போய் லைட்டை அணைத்தேன். திரும்பி வரும்போது குசினியைப் பார்த்தால் ஒரு ஹொட்பிளேட், கரண்டில் சூடாகிற அடுப்புத் தட்டு, எரிந்துகொண்டிருக்கிறது. மேலே பெரிய சட்டி, அதைச் சுற்றித் துவாய். பக்கத்தில் ஒருவரும் இல்லை. நான் இருபது வருடம் விமான நிலையத்துச் சமையற்கூடத்தில் வேலை செய்தவன். ஆளில்லாத அடுப்பைக் கண்டால் என் கை தானாகப் போகும். அணைத்தேன். பிளக்கையும் கழற்றினேன். துணிக்கு நெருப்புப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பெருமையாக மேலே வந்து சந்திரகாந்திக்கும் சொன்னேன்.

அந்தச் சட்டிக்குள் இருந்தது சபத் மதியச் சாப்பாடு. வெள்ளிக்கிழமையே இறைச்சியும் அரிசியும் போட்டு, அடுத்த நாள் மத்தியானம்வரை சூட்டில் வைத்திருப்பார்கள். அதற்குத்தான் அந்தத் தட்டு.

ஒரு மணிபோல் தமாரா எங்கள் கதவில் நின்றா. “எங்கட தட்டு சரியான குளிராக் கிடக்கு” என்றா. நான் நாலு நாலு படியாகக் கீழே ஓடினேன். பிளக்கைக் குத்தப் போனபோது இல்யாவ் கையை மறித்தார். எங்களுக்காக நீ இன்றைக்குச் சூடாக்கினால் அதை நாங்கள் தின்ன ஏலாது என்றார். மேசையில் வெள்ளைத் துணி, நல்ல கோப்பைகள், வியன்னா ஆட்கள் சட்டையும் கோட்டுமாக. எல்லோருக்கும் முன்னால் உறைந்த கொழுப்போடு சோறு. எனக்கு எங்கே போய் ஒளிப்பது என்று தெரியவில்லை.

மாப்பிள்ளையின் தாய் கரண்டியால் சோற்றைத் தட்டிப் பார்த்தா. “உங்கட மகளுக்குச் சபத் அடுப்புப் பார்க்கப் பழக்கேல்லையோ?” என்று தமாராவைக் கேட்டா.

பிழை என்னுடையது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சிப்போரா எழும்பிவிட்டாள்.

“அடுப்புப் பார்க்கத் தெரியும். ஆனால் அதுக்கு நான் இங்க இருக்கமாட்டன். ஒக்டோபரில டிரெஸ்டனுக்குப் படிக்கப் போறன். மூண்டரை வருசம். உங்களுக்கு இது தெரியாமல் இவ்வளவு தூரம் வந்திட்டியள் எண்டதுதான் எனக்குக் கவலை. சாப்பாடு குளிர்ந்ததை விட அது பெரிய பிழை.”

மாப்பிள்ளைப் பெடியன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததை நான் கண்டேன். நல்ல பெடியன். தாய்க்காரி சிரிக்கவில்லை. சனி இரவு நட்சத்திரம் தெரிந்த உடனே அவர்கள் காரை எடுத்தார்கள்.

“உங்கடை கையை வைச்சுக்கொண்டு சும்மா இருக்க ஏலாதோ?” என்று சந்திரகாந்தி அன்றைக்கு என்னை உரித்து எடுத்தாள்.

ஞாயிறு நான் இல்யாவின் கடைக்குப் போனேன். ஜெர்மனியில் ஞாயிறு கடை திறக்க ஏலாது, ஆனால் அவர் கதவைச் சாத்திக்கொண்டு கத்திகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். என்னைக் கதிரையில் இருத்திக் கழுத்தில் துணியைக் கட்டினார். சவரக் கத்தியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“உண்மையைச் சொல்லு. அவள் சொல்லித்தானே தட்டை அணைச்சனீ?”

அசையாமல், அவள் சொல்லவில்லை என்றேன். என் கை, என் மடைத்தனம், அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அவர் ஒரு பக்கக் கன்னத்தை முழுக்க வழித்து முடித்தார்.

“அவளைக் குற்றம் சொல்ல எனக்கு ஒரே ஒரு காரணம் கிடைச்சது” என்றார். “அதையும் நீ எடுத்துப் போட்டாய்.”

செப்டெம்பர் கடைசியில் அவள் போனாள். ஒரு பெட்டியும் ஒரு முதுகுப் பையும். தமாரா தனிச் சட்டி, தனிக் கரண்டி எல்லாம் கட்டிக் கொடுத்தா, வேறு ஆட்களின் பாத்திரத்தில் சமைக்கக்கூடாது என்று. இல்யாவ் கடையிலிருந்து வரவில்லை. ரயிலடிக்கு நானும் சந்திரகாந்தியும் போனோம். என் மகள் யதுசாவும் வந்தாள். ரயில் போன பிறகு யதுசா என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லத்தான் வேண்டும். அவளுக்கு ஆஹென் நகரில் படிக்க இடம் கிடைத்தபோது நான் விடவில்லை. தனிய இருக்க வேண்டாம், இங்கேயே படி என்றேன். அவள் நின்றுவிட்டாள். பிராங்பேர்ட்டிலேயே படித்து நல்ல வேலையில்தான் இருக்கிறாள். ஆனால் சிப்போரா போன அந்த ரயிலைப் பார்த்தபோதுதான் நான் என் பிள்ளையிடம் என்ன கேட்டேன் என்று எனக்கு விளங்கியது.

மூன்றரை வருடமும் வெள்ளிக்கிழமை சூரியன் விழ முன்னர் டிரெஸ்டனிலிருந்து தொலைபேசிக் கோல் வரும். தமாரா ஸ்பீக்கரில் போடுவா. இல்யாவ் பக்கத்துக் கதிரையில் இருந்து சப்பாத்து மினுக்குவார். ஒரு சொல் சொல்லமாட்டார், ஆனால் எழும்பியும் போகமாட்டார். அவள் தான் பார்த்த பிள்ளைப்பேறுகளைச் சொல்வாள், அழுத தகப்பன்மாரைச் சொல்வாள். தகப்பன் கேட்கிறார் என்று தெரிந்துதான் சொன்னாள். சனிக்கிழமை வேலையைத் தவிர்க்க அவள் கூட வேலை செய்கிறவர்களிடம் ஒரு ஒழுங்கு வைத்திருந்தாள். நத்தார், புதுவருடம், ஈஸ்டர், எல்லா ஞாயிறும் அவளே வேலைக்கு நிற்பாள். ஆட்கள் போதாமல் போனால் மட்டும் சனிக்கிழமை அவளைக் கூப்பிடலாம்.

படிப்பு முடித்து இந்த வருடம் பிராங்பேர்ட்டுக்கே வேலைக்கு வந்தாள். தாய் அறையைத் துடைத்துக் கட்டிலை விரித்து வைத்தா. அவள் அங்கே வரவில்லை. இருபது நிமிட நடையில் ஒரு ஒற்றை அறை வீடு எடுத்தாள். இதுதான் இல்யாவுக்கு டிரெஸ்டனை விடப் பெரிய அடி. டிரெஸ்டன் என்றால் படிப்பு என்று கோயிலில் சொல்லலாம். இருபது நிமிட நடையில் கலியாணம் கட்டாத மகளுக்குத் தனி வீடு என்றால் என்ன சொல்வது?

வெள்ளி பின்னேரம் அவள் தகப்பன் வீட்டுக்கு வருவாள். சபத் சாப்பாடு சாப்பிட்டு, அங்கேயே படுத்து, சனி இரவு தன் வீட்டுக்குப் போவாள். இல்யாவ் உப்பு எடு, ரொட்டி எடு என்பார். வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை.

யதுசா கர்ப்பமான உடனேயே சிப்போரா வேலை செய்கிற மருத்துவமனையில்தான் பிள்ளை பெறுவேன் என்று சொல்லிவிட்டாள். ஆனால் பிள்ளை நாள் பார்த்து வராது. நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பிரசவ நோ தொடங்கியது. மருமகன் கார்த்திகன் கொண்டுபோய்ச் சேர்த்தான், நானும் சந்திரகாந்தியும் பின்னால் போனோம். சனி விடியவும் பிள்ளை வரவில்லை. இரண்டு ஹெபாமெமார் சுகமில்லாமல் வரவில்லை, இருந்த ஒருத்தி மூன்று அறைக்கு ஓடிக்கொண்டிருந்தா. யதுசா களைத்துப் போய், தன்னால் இனி ஏலாது என்று அழத் தொடங்கிவிட்டாள்.

அந்த நேரம் கீழ்வீட்டில் நடந்ததைத் தமாரா பிறகு சொன்னா. விடிய ஆறு மணிக்கு, சபத் நாளில், இல்யாவின் வீட்டு விறாந்தையில் சிப்போராவின் தொலைபேசி அடித்தது. அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை. சிப்போரா எடுத்துக் கேட்டாள். கோட்டைப் போட்டாள். தகப்பன் அறை வாசலில் நின்று பார்க்கப் பார்க்க டக்ஸிக்கு அடித்தாள். வீட்டு வாசலில் டக்ஸி வந்து நின்று, அவள் ஏறிப் போனாள்.

ஆறரைக்கு அவள் பிரசவ அறைக்குள் போனாள். யதுசாவைக் கட்டிலால் இறக்கி நடத்தினாள், சரித்துப் படுக்க வைத்தாள், முதுகை அழுத்திப் பிடித்தாள். சந்திரகாந்தியிடம் முன்னரே இரண்டு தமிழ்ச் சொல் பாடமாக்கி வைத்திருந்தாள். மூச்சு, கொஞ்சம். ஐந்து மணித்தியாலம் அந்த இரண்டு சொல்லோடு என் பிள்ளையைக் கரை சேர்த்தாள். பதினொன்று நாற்பதுக்குக் கவிசா பிறந்தாள். மூன்று கிலோ இருநூறு.

நான் பேத்தியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு மணிபோல் ஆட்களுக்குச் சொல்லக் கீழே இறங்கினேன். வெளியே நல்ல மழை. பெரிய கண்ணாடிக் கதவுக்கு அப்பால், மூன்று அடி தள்ளி, இல்யாவ் நிற்கிறார். கறுத்தத் தொப்பியால் தண்ணி வடிகிறது. கதவுக்குக் கிட்ட வரவும் இல்லை, போகவும் இல்லை. சரி, மகளோடு சண்டைக்கு வந்திருக்கிறார், ஆனால் அவள் வேலை செய்கிற இடத்தை மிதிக்க மனமில்லை என்று நினைத்தேன். நான் வெளியே போகக் கதவு தானாகத் திறந்தது. அவர் என் தோளை உரசிக்கொண்டு சட்டென்று உள்ளே வந்துவிட்டார்.

“பத்து நிமிசமா ஒருத்தனும் வரேல்லை” என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆள் வருவதைக் கண்டு கரண்டில் திறக்கிற கதவு. தான் கிட்டப் போய் அதைத் திறப்பித்தால் சபத் முறியும். வேறு யாருக்காகவாவது திறக்கும்வரை மழையில் நின்றிருக்கிறார். கையில் குடை இல்லை, பை இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வெளியே அவர்கள் கையிலோ சட்டைப் பையிலோ ஒன்றும் கொண்டுபோகமாட்டார்கள். கோயில் முடிந்து ஏழு கிலோமீற்றர் வெறுங்கையோடு நடந்து வந்திருக்கிறார்.

அவளுக்கு வேலை இரண்டு மணிக்குத்தான் முடியும் என்றேன். கதிரையில் இருந்தார். சிப்போரா வந்து தகப்பனைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

“டக்ஸி ஏறினதுக்கு ஏச வந்தனீங்களோ, அப்பா?”

“இல்லை. பிள்ளைப்பேறுக்கு வர ஏறலாம். திரும்பிப் போக ஏறக்கூடாது. நீ ஏறமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும். இந்த மழைக்குள்ள தனிய நடக்க வேணாம் எண்டு வந்தனான்.”

அவர் தொப்பியைக் கழற்றாமலே தண்ணியை வழித்தார்.

“என்ன பிள்ளை?” என்று கேட்டார்.

“பெட்டைப் பிள்ளை.”

“தாய்?”

“சுகம் அப்பா. கஷ்டப்பட்டவ. ஆனால் சுகம்.”

நாலு வருடத்தில் அவள் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்விகள் அவை. நான் என் குடையை நீட்டினேன். தகப்பனும் மகளும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரித் தலையை ஆட்டினார்கள். நான் போய்க் கதவுக்கு முன்னால் நின்று அதைத் திறப்பித்தேன். இருவரும் மழைக்குள் இறங்கி நடந்தார்கள். அவள் ஏதோ சொல்லிக்கொண்டு போனாள், அவர் காதைச் சரித்துக் கேட்டுக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு கிழமையில் ஒருநாள் அவர் கடை பூட்டிவிட்டு அவளுடைய ஒற்றை அறைக்குப் போய்த் தேத்தண்ணி குடிக்கிறாராம். போன கிழமை யன்னல் கொளுக்கி ஒன்று திருத்திக் கொடுத்தாராம்.

இன்றைக்குக் காலை சிப்போரா பிள்ளையை நிறுக்க வந்தாள். கவிசா நாலு கிலோ நூறு. தராசுத் துணியில் தொங்கிக்கொண்டு கையை ஆட்டினாள். சந்திரகாந்தி, அவளுக்கு எதையும் மனதில் வைத்திருக்கத் தெரியாது, நேரே கேட்டாள். அதுதான் அப்பாவும் சமாதானமாகிவிட்டாரே, இனி வீட்டோடு வந்து இருக்கலாம்தானே, எதற்கு வீண் வாடகை?

சிப்போரா பிள்ளையைத் துணியிலிருந்து எடுத்துத் தோளில் சாய்த்தாள்.

“இல்லை. அது என்ரை வீடு, நான் அங்கதான் இருப்பன். நேற்று அப்பாவுக்குக் கதவுப் பூட்டின்ரை திறப்பு ஒண்டு குடுத்தனான். ஆனால் மணி அடிச்சிட்டுத்தான் உள்ள வர வேணும் எண்டு சொன்னனான். நான் அங்க நிக்கிற சனிக்கிழமையில அவருக்கு மணி அடிக்கவும் ஏலாது, திறப்பைக் கொண்டு வரவும் ஏலாது. அண்டைக்குக் கையால தட்டட்டும். நான் எழும்பிப் போய்த் திறக்கிறன்.”